முதல்ல உங்க கைய வைங்க

அது மின்விசிறிப் படம் என்றுதான் நான் நம்பினேன். சத்தியமாக. எங்கள் ஷெட்டுக்குச் சரக்கு வரும் டிரம்மில் ஒட்டியிருந்த மஞ்சள் தாளில் கறுப்பாக மூன்று இறக்கை, நடுவில் ஒரு பொட்டு. மல்லாந்து படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தால் நம் வீட்டு ஃபேன் எப்படித் தெரியுமோ, அச்சாக அப்படியே. அட்டைப்பெட்டியில் குடை போட்டிருந்தால் நனையக்கூடாது என்று அர்த்தம், கண்ணாடிக் கோப்பை போட்டிருந்தால் உடையும் என்று அர்த்தம். ஆகவே ஃபேன் போட்டிருந்தால் காற்றோட்டமாக வை என்று அர்த்தம். நானே கேள்வி கேட்டு, நானே பதில் சொல்லி, நானே பாஸ் ஆகிவிட்டேன்.

எங்கள் ஷெட்டில் ஃபேன் ஓடுகிற ஒரே அறை முதலாளியுடையது. டிரம் வரும்போதெல்லாம் ஆள் வைத்து அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிடுவேன். "விலை ஒசந்த சரக்கு, கண்ணு முன்னாடி இருக்கட்டும். உனக்கு மூளை இருக்குதுய்யா" என்று அவரும் மெச்சிக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஷெட் என்பது வேங்கிக்கால் தாண்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளையும் கொல்லைகளுக்கு நடுவே இருந்த ஒரு நீளக் கொட்டகை. பெட்ரோமாக்ஸ் லைட்டுக்குள் வெள்ளையாக ஒரு வலைப்பை தொங்கும். பளீரென்று எரிவது அதுதான். மேண்டில் என்பார்கள். அதைத்தான் அங்கே செய்தோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். கிரிவலக் கூட்டமோ பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஏறிக்கொண்டே இருந்தது. பாதை நெடுகச் சுண்டல் வண்டி, பழக்கடை, பொரிக்கடை. ஒவ்வொன்றிலும் ஒரு பெட்ரோமாக்ஸ். ஒருமுறை எரிந்த மேண்டில் விரல் பட்டாலே உதிர்ந்துவிடும் என்பதால் எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை.

நான் அங்கே கணக்கு எழுதினேன். வேலை செய்தவர்கள் எல்லாம் பெண்கள். செயற்கைப் பட்டு நூலில் பின்னிய நீளக் குழாயைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். தொட்டியில் இருக்கும் கரைசலில் முக்கி, பிழிந்து, கம்பியில் காயப்போடுவார்கள். காய்ந்ததும் அடியை நூலால் கட்டி, மிச்ச நூலைப் பல்லால் கடித்துத் துப்புவார்கள். அந்தக் கரைசலுக்கு எங்கள் ஷெட்டில் மருந்து என்று பெயர். டிரம்மில் வரும் உப்பைக் கரைத்தால் மருந்து. அதில் தோரியம் என்று ஏதோ இருக்கிறது என்பது பில் பார்த்து எனக்குத் தெரியும். தோரியம் என்றால் என்ன என்று நான் கேட்டதில்லை. துத்தநாகம் என்றால் என்ன என்று மட்டும் யாரைக் கேட்டேன்?

தொட்டிக்குப் பொறுப்பு அக்கா. பெயர் வேண்டாம். பெயரைப் போட்டேன் என்று தெரிந்தால், "முதல்ல உன் பேரப் போட்டியா?" என்று கேட்பாள்.

அடி அண்ணாமலையிலிருந்து வருவாள். உயரம் கம்மி, குரல் ஜாஸ்தி. புடவைக்கு மேல் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, கையை முழங்கை வரை சுருட்டியிருப்பாள். அவளிடம் சொல்லக்கூடாத சொல் ஒன்று உண்டு: "ஒண்ணும் ஆவாது." யார் சொன்னாலும் சரி, சொன்னவரே முதலில் செய்து காட்ட வேண்டும். பால் திரியவில்லை, ஒன்றும் ஆகாது என்று டீக்கடைக்காரர் சொன்னால், "அப்ப முதல்ல நீ ஒரு வாய் குடி" என்று தன் கிளாஸை அவரிடமே நீட்டுவாள். கிரிவலப் பாதையில் ஒருவன் மூட்டுவலிக்கு வேர் விற்றுக்கொண்டிருந்தான். கட்டினால் மறுநாளே ஓடலாம் என்றான். அவன் எழுந்திருக்கும்போது தரையில் கையூன்றியதை அக்கா பார்த்துவிட்டாள். "முதல்ல நீ கட்டிக்கினு ஓடு, நாங்க பின்னாடியே வரோம்" என்றாள். தங்கை மகளுக்கு வரன் கொண்டுவந்த தரகர், பையன் தங்கமான பையன் என்றாராம். "உனக்குந்தான் ரெண்டு பொண்ணு இருக்குதே, முதல்ல உன் வூட்ல குடேன்." தரகர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

எனக்கும் கிடைத்தது. மேலே பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டிகளை எடுக்கச் சொன்னேன். ஏணி ஆடுகிறது என்றாள். "ஒண்ணும் ஆவாதுக்கா" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. ஷெட்டில் அத்தனை பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஏறினேன். ஏணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை ஆராய்ந்து, அந்தப் பக்கமாகவே கீழே வந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அடுத்தவருக்கு வைத்த சட்டத்தைத் தனக்கும் வைத்திருந்தாள். ஊறுகாய் போட்டுக்கொண்டு வருவாள். "காரம் கம்மிதான்" என்பாள். யாரும் கேட்காமலே முதலில் தான் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட, "பாத்தியா? கம்மிதான்" என்பாள்.

இப்போது என் மாமியார் கதைக்கு வருகிறேன். கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். வாசலில் வழுக்கி விழுந்து அவருக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனேன். அறைக் கதவில் அதே மஞ்சள், அதே மூன்று இறக்கை. எனக்கு ஒரே சந்தோஷம்.

"சார், உள்ள ஃபேன் நல்லா ஓடுதா? வயசானவங்க, வேர்த்து ஊத்துது" என்றேன் வாசலில் நின்ற ஊழியரிடம்.

"உள்ள ஃபேனே இல்லியே."

"அப்ப எதுக்குக் கதவுல ஃபேன் படம்?"

அவர் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே தலையை நீட்டி, "அண்ணே, இங்க ஒரு ஆளு வந்திருக்காரு" என்றார்.

"கையா, காலா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தலைண்ணே."

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். கதிர்வீச்சு அபாயம். கர்ப்பிணிகள் உள்ளே வரக்கூடாது.

அதற்குப் பிறகு மாமியாரை எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்பது எனக்கு நினைவில்லை. கதிர்வீச்சைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: முடி கொட்டும். சீப்பை எடுத்துப் பார்த்தேன். கொத்தாக முடி. ஒவ்வொன்றும் முழங்கை நீளம் இருந்தது, என் தலைமுடி விரல் நீளம்கூட இல்லை என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் தோன்றவில்லை. என்ன செய்யலாம்? தீபத்துக்கு முன்னால் பித்தளை விளக்கை எதைப் போட்டுத் தேய்க்கிறோம்? புளி. பச்சை பிடித்த செம்பையே தங்கமாக்குகிற புளிக்கு நான் எம்மாத்திரம்? ஜாடியோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். தலையிலிருந்து பாதம்வரை ஒரு குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோலத் தேய்த்தேன்.

மனைவி கதவைத் தட்டினாள். "புளி ஜாடிய எங்கங்க காணோம்?"

"கிட்ட வராத! எம்மேல கதிரியக்கம் இருக்குது!"

"இருந்துட்டுப் போவுது. குழம்புக்கு நான் இன்னா பண்றது?"

விடிந்ததும் பார்த்தால் உடம்பெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. அரிப்பு தாங்கவில்லை. சந்தேகமே இல்லை, முற்றிவிட்டது என்று முடிவு செய்து, கடைசியாக எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் ஷெட்டுக்குப் போனேன்.

"அக்கா, கிட்ட வராதீங்க" என்றேன் வாசலில் நின்றபடி.

"ஏன், அம்மையா?"

"அத்தவிடப் பெரிசு" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். டிரம், படம், எக்ஸ்ரே கதவு, முடி. அக்காவின் கை அதுவரை தொட்டிக்குள்தான் இருந்தது. மெதுவாக வெளியே எடுத்தாள். அந்தக் கையை அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் பிழிந்துகொண்டிருந்த செல்வியைப் பார்த்தாள். செல்விக்கு அது முதல் பிள்ளை. வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

"மாசமா இருக்கறவங்க வரக்கூடாதுன்னா கதவுல போட்டிருந்துது?"

"ஆமாக்கா."

"அவங்க கதவுக்கு உள்ளயே வரக்கூடாதுன்றாங்க. இவ கைய உள்ள வுட்டுக்கினு நிக்கிறா." சொல்லிவிட்டு அக்கா தொட்டிக்கும் செல்விக்கும் நடுவில் வந்து நின்றாள். "செல்வி, சோப்புப் போட்டுக் கையக் கழுவிட்டு வெளிய போய் உக்காரு."

செல்வி அசையவில்லை. "அக்கா, இத்தச் சாக்கா வெச்சி என்னை நிறுத்திடுவாங்க. அவருக்கும் இப்ப வேலை இல்ல. புள்ள பொறக்கற வரைக்குமாவது நான் வந்தாவணும்."

"உன்னை யாரும் நிறுத்தல. நாங்களும் வரோம், வா."

முதலாளி வந்தபோது ஷெட்டுக்குள் நான் மட்டும் சொறிந்துகொண்டு நின்றேன். பெண்கள் எல்லோரும் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. பொங்கலுக்குப் புடவை எடுத்துத் தருவார், யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் தீபத்துக்கு வாங்கியிருந்த ஆர்டர் கழுத்துவரை இருந்தது. என்னையும் அழைத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

"இன்னாம்மா இது, சீசன் நேரத்துல?"

"மருந்துல கதிர்வீச்சு இருக்காமே, மொதலாளி" என்றாள் அக்கா.

"யாரு சொன்னது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மலையைப் பார்த்தேன்.

"கொஞ்சூண்டு இருக்கும். லைசென்ஸ் வாங்கித்தான் நடத்தறேன். பெட்ரோமாக்ஸத் தலையில தூக்கிக்கினு ஊர்வலத்துல போறவன்லாம் செத்தா போய்ட்டான்? ஒண்ணும் ஆவாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டார். அக்கா உள்ளே போய் ஒரு பேசினில் மருந்தை மொண்டுகொண்டு வந்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தாள்.

"முதல்ல உங்க கைய வைங்க, மொதலாளி. நாங்க காலைலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் வைக்கிறோம். நீங்க ஒரு டீ குடிக்கிற நேரம் வைங்க, போதும். அப்புறம் செல்வி எழுந்து வருவா."

அவர் சிரித்தார். வாட்சைக் கழற்றினார். மோதிரத்தைக் கழற்றினார். சட்டைக் கையை ஒரு மடிப்பு மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். மடிக்க இனி துணி இல்லை. கை பேசினுக்கு மேல் போய் நின்றது. சும்மா ஒரு முக்கு முக்கியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். கை இறங்கவில்லை.

"விரல்ல ஒரு கீறல் இருக்கும்மா" என்றார்.

"செல்விக்கு வயித்துல புள்ள இருக்குது" என்றாள் அக்கா.

முதலாளி சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். செல்வியைப் பார்க்காமலே, "யாரும் தொட்டிகிட்டப் போவாதீங்க. நான் கேக்க வேண்டியவங்களக் கேட்டுட்டு வரேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தார்.

அவர் எங்கே கேட்டார், யாருக்குப் போன் போட்டார் என்று தெரியாது. சில நாளில் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கையில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒயரில் ஒரு குழல். கதிர்வீச்சு இருந்தால் அது டக் டக் என்று அடிக்கும் என்றார். நான் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போய், "சார், முதல்ல என்னைப் பாருங்க. கேஸ் முத்திடுச்சு" என்று சட்டையைக் கழற்றினேன். குழலை என் மார்பு, முதுகு, கை எல்லாம் ஓட்டினார். பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"இந்தத் தடிப்பு எதனால? என்ன போட்டீங்க?"

"புளி, சார்."

அவர் குழலை எடுத்துக்கொண்டார். "எங்க சட்டத்துல புளிக்கு ஒண்ணும் இல்லியே" என்றார்.

தொட்டியிடம் போனதும் பெட்டி பேச ஆரம்பித்தது. காய்ந்த மேண்டில்களை எடுத்துக் காட்டிய பெண்களின் கைகளில் கொஞ்சம் அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்லி மறுபடி வைத்தார், அடங்கிவிட்டது. தோலில் ஒட்டியது கழுவினால் போய்விடும், உள்ளே போவதுதான் ஆபத்து என்றார். "வேலைய எப்படிச் செய்றீங்கன்னு காட்டுங்க" என்று அக்காவைக் கேட்டார். அக்கா ஒரு மேண்டிலைக் கட்டி, நூலைப் பல்லில் வைத்தாள். "அம்மா! வாயில வைக்காதீங்க!" என்று அவர் போட்ட கூச்சலில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

பிறகு முதலாளியின் அறை. கதவுக்கு வெளியிலேயே பெட்டி தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோலப் பொரிய ஆரம்பித்தது. உள்ளே முதலாளி ஒரு டிரம்மின்மேல் காலை நீட்டி, இன்னொரு டிரம்மின்மேல் காப்பி டம்ளரை வைத்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு கனத்த மனிதர் அவ்வளவு வேகமாக ஒரு நாற்காலியைக் காலி செய்து நான் பார்த்ததில்லை.

"இத்த யாருய்யா இங்க வெச்சது?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார். ஃபேன் படம் போட்டிருந்துது…"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மலையைத் தேடினேன். நடுவில் சுவர் இருந்தது.

"வுடுங்க மொதலாளி" என்றாள் அக்கா. "நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே, இத்தன நாளா நீங்கதான் முதல்ல நின்னுருக்கீங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்கு வரவில்லை. உறை போடாமல் தொட்டியில் கை வைக்கக்கூடாது, வெளிக்காற்றுக்கு ஒரு விசிறி போட வேண்டும், டிரம்முக்குத் தனி அறை வேண்டும், உள்ளே சாப்பிடக்கூடாது, கர்ப்பிணி அந்தப் பக்கமே போகக்கூடாது, அதைக் காரணம் காட்டி அவளை நிறுத்தவும் கூடாது, எல்லோருக்கும் வருஷா வருஷம் பரிசோதனை என்று அடுக்கிக்கொண்டே போனார். "இந்த வேலையால இவங்கள்ல யாருக்காவது ஏதாவது வந்தா, பொறுப்பு உங்களோடது" என்று முடித்தார்.

"நான் இன்னா சார், வேணும்னா செஞ்சேன்? இவ்ளோ இருக்கும்னு எனக்கே தெரியாதே."

"வேணும்னு செஞ்சீங்களான்னு நான் கேக்கல. உங்க ஷெட்டு, உங்க சரக்கு, உங்க ஆளுங்க."

ஜீப் போன பிறகு எல்லோரும் கிளம்பப் பார்த்தோம். அக்கா மட்டும் நகரவில்லை.

"அவரு சொல்லிட்டுப் போய்ட்டாரு. நீங்க உங்க வாயால சொல்லுங்க, மொதலாளி."

"நான் பாத்துக்கறேம்மா."

"எப்படிப் பாத்துக்குவீங்க? கண்ணாலயா?"

முதலாளி பெருமூச்சு விட்டார். "இந்த மருந்தால உங்களுக்கு ஒண்ணு வந்தா ஆஸ்பத்திரிச் செலவு என்னுது. வேலையும் போவாது. செல்வி நாளைலேர்ந்து பேக்கிங்ல உக்காரட்டும். அதே கூலி." செல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அக்கா, "இன்னாத்துக்குடி அழற, பேக்கிங்ல ஃபேன் கெடையாது" என்றாள்.

ரப்பர் உறைகள் வந்தன. தடிமனாக, மாட்டினால் விரல் மடங்காது. பெண்கள் வேண்டாம் என்றார்கள். "வசதியாத்தான் இருக்குது" என்று அக்கா முதலில் மாட்டிக்கொண்டு, வலைப்பையைத் தொட்டியில் நழுவவிட்டு நழுவவிட்டு எடுத்து, உறையைச் செய்தவனின் பரம்பரையையே திட்டினாள். ஆனால் கழற்றவில்லை. பல்லுக்குப் பதில் ஆளுக்கொரு சின்னக் கத்தரிக்கோல் வந்தது.

பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க நர்சம்மா வந்தபோது பெண்கள் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். "எறும்பு கடிச்ச மாதிரிதான், ஒண்ணும் ஆவாது" என்றார் முதலாளி. பாவம், பழக்கதோஷம். அவரைத்தான் முதலில் உட்கார வைத்தாள் அக்கா. ஊசியைப் பார்த்ததுமே அவர் கண் செருகிவிட்டது. நானும் நர்சம்மாவும் பிடித்துக்கொண்டோம். அதன்பிறகு அத்தனை பெண்களும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்கள்.

செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். அக்காதான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். செல்வி சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, பேக்கிங் மேசையிலேயே இருந்துவிட்டாள்.

பேட்டரியில் எரிகிற எமர்ஜென்ஸி விளக்குகள் வந்தன. கிரிவலப் பாதையில் சோடியம் விளக்குகள் வந்தன. மேண்டில் கேட்பவர்கள் குறைந்துபோய், இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருநாள் முதலாளி ஷெட்டை மூடினார். மிச்சமிருந்த சரக்கை அதிகாரிகள் எடுத்துப்போனார்கள். கணக்கை முடித்து எல்லோருக்கும் ஸ்வீட் பெட்டி கொடுத்தார். அக்கா பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஷெட்ட மூடிட்டீங்க. எங்க ஒடம்ப மூட முடியுமா, மொதலாளி? நாள் கழிச்சி வந்தா?"

"ஒண்ணும்…" என்று அவர் வாயைத் திறந்தார். பிறகு யோசித்து, மூடிக்கொண்டார். "வருஷா வருஷம் பரிசோதனைக்குப் போங்க. செலவு என்னுது" என்றார்.

போனோம். அதற்கடுத்த வருஷமும், அதன் பின்னால் வந்த வருஷங்களிலும் அக்கா எங்களை டவுன் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மருந்துத் தொட்டியால் வந்தது என்று சொல்லும்படி எங்களில் யாருக்கும் எந்த நோயும் இல்லை என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் சொன்னார். ஒவ்வொரு முறையும் செலவை முதலாளிதான் கட்டினார்.